பாலியில கெட்டதுக்கும் சோறு வைக்கிறாங்களே, தன்னைத்தானே ஏத்துக்கிறதுன்னு சொல்றது இதுதானா?

ஐராவதிக்கரை எழுதியது:

வணக்கம். யாங்கோன்ல இருந்து எழுதுறேன், கரண்ட் போறதுக்குள்ள போட்டுடணும்னு அவசரமா அடிக்கிறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

கொஞ்ச நாள் மாலத்தீவுல ஒரு ரிசார்ட் ஸ்பாவுல வேலை பாத்தேன். அங்க என் ரூம்மேட் பாலிப் பொண்ணு, இந்துதான், காலைல குளிச்சு பூ வெச்சு ஊதுபத்தி கொளுத்துவா, அது வரைக்கும் எனக்கு ஒண்ணும் வித்தியாசமா படல. ஆனா சில நாள் சாயந்திரம் வாசப்படிகிட்ட வெறும் தரையில ஒரு இலைத்துண்டு வெச்சு அதுல கலர் கலரா சோறு, கூட வெங்காயம் இஞ்சி உப்பு எல்லாம் வெச்சு சுத்தி தண்ணி தெளிப்பா. யாருக்குன்னு கேட்டா "கீழ இருக்கிறவங்களுக்கு"ம்பா. அதாவது நாம கெட்ட சக்தின்னு சொல்ற பூத கணத்துக்கு! எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு, ஏன்னா எங்க அப்பத்தா சொல்லி வளத்தது வேற, அதுகளுக்கு ஒரு தடவ கையால குடுத்துட்டா அப்புறம் வீட்டோட தங்கிடும்னு.

ரெண்டாவது என் சொந்த விஷயம். எனக்கு சின்ன வயசுல இருந்தே கோவம் ஜாஸ்தி. வீட்ல, கோயில்ல, கல்யாண வீட்ல எங்க போனாலும் "காளி வந்துட்டா, வழி விடு"ன்னு கிண்டல் பண்ணுவாங்க, சிரிச்சுட்டுப் போயிடுவேன், ஆனா உள்ள குத்தும். இங்க ஒரு தியான சென்டர்ல மெத்தா தியானம், அதாவது எல்லாருக்கும் நல்லது நெனைக்கிற தியானம் சொல்லிக்குடுத்தாங்க, முதல்ல "நான் பகையில்லாம இருக்கணும், நான் துன்பமில்லாம இருக்கணும்"னு தனக்குச் சொல்லிட்டுதான் அடுத்தவங்களுக்குச் சொல்லணுமாம். எனக்கு அந்த முதல் வரியிலேயே மாட்டிக்குது. அம்மாவுக்கு, அக்கா பிள்ளைங்களுக்கு, தெருநாய்க்குக்கூட சொல்ல வருது, எனக்கு நானே சொல்லிக்கிட்டா பொய் சொல்ற மாதிரி இருக்கு.

இதை அவகிட்ட ஒரு நாள் சொன்னப்ப "உன் கோவம் உன்கூடப் பொறந்தது, அதுக்கும் சோறு போட்டாத்தான் சும்மா இருக்கும்"னு சொல்லி சிரிச்சா. இது அவங்க மதத்துல நெஜமாவே இருக்கா இல்ல அவளா அடிச்சு விட்டதா? கெட்டதுக்கு சோறு போடறது எப்படிக் கருணையாகும்? பாலிக்குப் போயி ரெண்டு வாரம் இருந்தா மனசு சரியாயிடும்னு ஃபேஸ்புக்ல விளம்பரம் விளம்பரமா வருது, அதெல்லாம் நம்பலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பெகுக்காரன் எழுதியது:

தங்கச்சி, உங்க ரூம்மேட் அடிச்சு விடல, அங்க ஊரே அப்படித்தான். நான் பாலியில உபுதுங்கிற ஊர் பக்கத்துல ஒரு ஹோட்டல் கிச்சன்ல இருந்தவன், எங்க செஃப் வீட்டுக்கு அடிக்கடி போவேன், அதனால பெரிய தத்துவத்த விட அடுப்படியில பாத்ததுதான் எனக்கு நல்லாத் தெரியும், அதையே சொல்றேன்.

காலைல சோறு வடிச்சு எறக்கினதும் வீட்ல யாரும் வாய்ல வைக்க மாட்டாங்க. செஃப்போட அம்மா வாழையிலைய சின்னச் சின்ன சதுரமாக் கிழிச்சு ஒவ்வொண்ணுலயும் ஒரு சிட்டிகை சோறு, மேல துளி உப்பு இல்லேன்னா அன்னிக்கு வதக்கினதுல கொஞ்சம், அவ்வளவுதான், அத ஒரு தட்டுல அடுக்கி எடுத்துட்டுப் போயி அடுப்புமேல ஒண்ணு, தண்ணிப்பானைகிட்ட ஒண்ணு, அரிசி வெச்சிருக்கிற எடத்துல ஒண்ணு, வாசல்ல, கெணத்துகிட்ட, வீட்டுக் கோயில்லன்னு வெச்சுட்டு வருவாங்க. சைபான்னு பேரு. நானும் சாமிக்குப் படைக்கிறாங்கன்னுதான் ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன். நன்றி சொல்றது ஒரு பாதிதான். இன்னொரு பாதி என்னன்னா அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணிக்குடம்னு சமைக்கிற வீட்ல அஞ்சு எடத்துல எறும்பு, புழு, பூச்சின்னு நம்ம கையால தெரியாமலே உசுருங்க போகுதில்ல, அதுக்கு. மனுசாஸ்திரத்துல பஞ்ச சூனைன்னு இதே அஞ்சையும் சொல்லியிருக்காங்க, நம்ம பெரியவங்களும் இதச் சொல்லிக் கேட்டிருப்பீங்க. அங்க அத தெனமும் இலைல வெச்சுக் காட்டுறாங்க.

எனக்கு இதுல என்ன பிடிச்சுதுன்னா, இதுக்காக யாரும் மாருல அடிச்சுக்கிறதில்ல, இனிமே சமைக்க மாட்டேன்னு உக்கார்றதில்ல. ஆமா என்னால செத்துச்சு, நான் வேணும்னு பண்ணல, இந்தா ஒரு வாய், சரி வாங்க நாம சாப்பிடலாம், அம்புட்டுதான். நாளைக்கும் எறும்பு சாகும், நாளைக்கும் வைப்பாங்க.

அப்புறம் சானாங் சாரி பாத்திருப்பீங்க, குருத்தோலையில சின்னத் தட்டு மாதிரி முடைஞ்சு உள்ள வெத்தல பாக்கு சுண்ணாம்பு, மேல கெழக்கால வெள்ளப்பூ, தெக்கால செகப்பு, மேக்கால மஞ்சள், வடக்கால நீலமோ பச்சையோ, நடுவுல ரம்பையிலை பொடியா அரிஞ்சு தூவுவாங்க. கெழக்குக்கு ஈஸ்வரன், தெற்குக்கு பிரம்மா, மேற்குக்கு மகாதேவன், வடக்குக்கு விஷ்ணு. முன்னெல்லாம் மூங்கில் குச்சியால ஓலைய குத்துவாங்க, இப்ப முக்காவாசிப் பேரு ஸ்டேப்ளர்தான், யாரும் குத்தம் சொல்றதில்ல. வெச்சு கொஞ்ச நேரத்துல நாய் வந்து பிஸ்கட்ட எடுத்துட்டுப் போயிடும், கோழி கெளறும், டூரிஸ்ட் மிதிச்சிட்டுப் போவான், அதுக்கும் யாரும் பதறமாட்டாங்க, சாரம் போக வேண்டிய எடத்துக்குப் போயிடுச்சு, மிச்சம் குப்பதான்னு பெருக்கிடுவாங்க.

நீங்க பாத்தது இந்த சைபான் இல்ல, அது செகெஹான். மேல இருக்கிற சாமிக்கு உசரத்துல வைப்பாங்க, பூத காலருக்கு தரையில. சில வகைல சோறு வெள்ள, செகப்பு, மஞ்சள், கறுப்புன்னு இருக்கும், வெங்காயம் இஞ்சி உப்பு கண்டிப்பா உண்டு, கொஞ்சம் சாராயம் தரையில ஊத்துவாங்க. 15 நாளைக்கு ஒருக்கா கஜெங் கிளிவோன்னு ஒரு நாள் வரும், அன்னிக்கு எல்லா வீட்டு வாசல்லயும் இருக்கும். ரெண்டுக்கும் ஒரே கைதான், ஒரே மரியாதைதான். செஃப் சொல்லுவாரு, பசியில இருக்கிறவன்தான் ஒறண்ட இழுப்பான், சாப்பிட்டவன் ஏன் இழுக்கப் போறான்னு. வெச்சுட்டு வீட்டுக்குள்ள வாங்கன்னு கூப்பிடறதில்ல பாருங்க, அத கவனிக்கணும், வாசல்லயே குடுத்து, சாப்பிட்டியா சரி கெளம்புன்னு அனுப்பிடுறாங்க. உங்க அப்பத்தா பயப்படறதுக்கு பதில் அங்கயே இருக்கு.

தட்டோன்_டீச்சர் எழுதியது:

மகளே, உன் தோழி "கூடப் பொறந்தது"ன்னு சொன்னாளே, அத அவ சும்மா பேச்சுக்குச் சொல்லல. பாலியில அதுக்குன்னே ஒரு நம்பிக்கை இருக்கு, கந்த எம்பத்னு பேரு, நாலு கூடப்பொறப்புன்னு வெச்சுக்கோ. ஒரு கொழந்த பொறக்கும்போது தனியா வர்றதில்ல, பனிக்குடத் தண்ணி, ஒடம்புல வெள்ளையா பூசியிருக்கிற மாவு, ரத்தம், நச்சுக்கொடி, இந்த நாலும் அதுக்கு அண்ணன் தம்பி மாதிரி கூடவே வருது. நச்சுக்கொடிய குப்பையில போடமாட்டாங்க. அப்பாதான் அதக் கழுவி தேங்காக்குள்ள வெச்சு வெள்ளத்துணி சுத்தி வீட்டு வாசல் பக்கத்துல பொதைப்பாரு, ஆம்பளப் புள்ளன்னா வெளிய வரும்போது வலது பக்கம், பொம்பளப் புள்ளன்னா இடது பக்கம், மேல ஒரு கல்லு, ஒரு வெளக்கு. அதுக்கப்புறம் அந்த நாலு பேருக்கும் படையல் உண்டு. அவங்கள நெனச்சுக்கிட்டே இருந்தா காவல் காப்பாங்க, படுக்கும்போது கூப்பிட்டு பாத்துக்கச் சொல்லிட்டுப் படுப்பாங்க. மறந்துட்டா அதே நாலு பேரும் நோயா, கலக்கமா திரும்பி வருவாங்கன்னு நம்பிக்கை.

கவனிச்சியா, வெளிய இருந்து வந்த பேயில்ல அது, நம்ம கூடவே அம்மா வயித்துல இருந்தது. நல்லதாகறதும் கெட்டதாகறதும் நாம கவனிக்கிறதப் பொறுத்து. உன் கோவத்த அவ அங்க வெச்சுத்தான் பாத்திருக்கா.

இன்னொண்ணு, பல்லு ராவுற சடங்கு, மெத்தாத்தாஹ்னு சொல்வாங்க. பிள்ளைங்க வயசுக்கு வந்ததும் மேல்வரிசையில நாலு முன்பல்லு, ரெண்டு கோரப்பல்லு, ஆக 6 பல்ல அரத்தால லேசா சமமாக்குவாங்க. ஆறும் எதுக்குத் தெரியுமா, நாம பாடத்துல படிக்கிற அதே காமம், குரோதம், லோபம், மோகம், மதம், மாற்சரியம். அவங்க அத சத் ரிப்புன்னு சொல்றாங்க. தேய்ச்ச தூள வெறுமன துப்பாம மஞ்ச எளநி ஒண்ணுல துப்ப வெச்சு, பிற்பாடு வீட்டுக் கோயில் பக்கம் பொதைச்சிடுவாங்க. என் பசங்களுக்கு வகுப்புல இதச் சொன்னப்ப ஒரு வாலு கேட்டான், அப்ப பல்ல புடுங்கிட்டா முழு ஞானியா டீச்சர்னு! புடுங்கறதில்லடா, அதுதான் விஷயமே. கோவம் இல்லாத மனுசன் அங்க யாரும் எதிர்பாக்கல. கடிக்கிற கூர் மட்டும் போகணும், பல்லு வேணும், சோறு திங்க வேணாமா?

அதுவும் பெத்தவங்க கடமை அது. பிள்ளைக்கு இந்தக் குணமெல்லாம் இருக்குன்னு தெரிஞ்சேதான் அப்பா அம்மா கடன் வாங்கியாவது, சொந்தத்துல நாலஞ்சு பிள்ளைங்கள ஒண்ணாச் சேத்தாவது, ஊரக் கூட்டி அலங்காரம் பண்ணி படுக்க வெச்சு செய்றாங்க. உனக்கு யாரும் அப்படிப் பண்ணல, வெறும் பட்டப்பேரு வெச்சு விட்டுட்டாங்க, அதுல எனக்கே கொஞ்சம் ஆத்திரம்தான்.

காளின்னு சொல்றாங்கன்னு எழுதியிருந்தியே, ரங்டா கதை கேட்டிருக்கியா? நீளமான நாக்கு, தொங்குற மார்பு, கோரப்பல்லு, ஜடை. அவளுக்கும் சலோன் ஆராங் கதைக்கும் சம்பந்தம் உண்டு, 11ஆம் நூற்றாண்டு ஜாவா ராஜா ஏர்லங்கா காலத்துல நடக்கிற மாதிரி கதை. கீரா ஊர்ல ஒரு விதவை, மந்திரக்காரின்னு பயந்து அவ பொண்ணக் கட்ட ஒரு மாப்பிள்ளையும் வரல. அந்த ஆத்திரத்துல துர்க்கைய வேண்டி ஊருக்கே கொள்ளை நோய் வர வெச்சிடுறா. கடைசியில எம்பு பரடான்னு ஒரு முனிவர் அவள ஜெயிச்சு சாகடிச்சிடுறாரு. நம்மூருக் கதைன்னா அங்க வெற்றி வெற்றின்னு முடிஞ்சிருக்கும். அவரு என்ன பண்றாருன்னா செத்தவள திரும்ப உசுரோட எழுப்பி, பாவம் தீர வழி சொல்லிக்குடுத்து, அதுக்கப்புறம்தான் போக விடுறாரு. எதிரிய ஜெயிக்கறதோட வேலை முடியல அந்தாளுக்கு.

பாரோங் ஆட்டத்துலயும் பாரு, நல்லதுக்கு பாரோங், எதிர்ல ரங்டா, விடிய விடிய மோதுவாங்க, யாரும் ஜெயிக்கறதில்ல. ஆட்டம் முடிஞ்சதும் ரங்டா முகமூடிய குப்பையிலயா போடுறாங்க, அதையும் துணி சுத்தி கோயில்ல வெச்சுக் கும்புடுறாங்க, ஊருக்கே அவ காவல்னு. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணிய மரத்துக்கு, சிலைக்கு கட்டியிருக்கிறது போட்டோல பாத்திருப்ப, பொலெங். ரெண்டும் சேந்தே இருக்கும்ங்கிற ருவா பினேடாங்கிற எண்ணம்தான் அந்தத் துணில. காளின்னு சொன்னா அடுத்த தடவ தலைய நிமித்திக்கிட்டு நில்லு.

நம்ம பர்மாவுல மட்டும் என்னவாம், பக்கத்து வீட்டு பர்மாக்காரங்க வீட்டுத்தூண்ல செகப்புத் துணி சுத்தின தேங்கா தொங்குமே, மிங் மஹாகிரிங்கிற 'நாட்' சாமிக்கு. தகாவுங் ராஜா மரத்துல கட்டி உசுரோட கொளுத்தின கொல்லன் அவரு. அநியாயமா செத்தவருக்கு வருசக்கணக்கா எளநி வெச்சு குளிர வைக்கிறாங்க. உங்க அப்பத்தாவும் அந்தத் தேங்காய பாத்தவங்கதானே.

கப்பல்காரன் எழுதியது:

எல்லாம் சரி, ஆனா ரொம்ப சக்கரை தடவுறீங்களோன்னு தோணுது. பாலியில பெனோவா துறைமுகத்துக்கு பல தடவ போயிருக்கேன், அங்கயும் மனுசங்கதான் இருக்காங்க. 1965 டிசம்பர்ல ஆரம்பிச்சு சில மாசத்துல கம்யூனிஸ்டுன்னு சொல்லி பாலியில கொன்னது ஏறக்குறைய 80,000 பேருன்னு ஆராய்ச்சி பண்ணவங்க மதிப்பு போட்டிருக்காங்க, அன்னிக்கு தீவுல இருபது பேருல ஒருத்தன்னு வருது. தெனம் எறும்புக்கு சோறு வெச்ச அதே ஊரு, பக்கத்து வீட்டுக்காரனையே காட்டிக்குடுத்துச்சு. பல வருசம் வாயத் தொறக்கல யாரும்.

அப்புறம் பஞ்சார்ங்கிற ஊர்ச் சங்கத்தோட கட்டுப்பாடு இருக்கே, அத மீறினா கசெபெகாங்னு தள்ளி வெச்சுடுவாங்க, பேச்சு வார்த்தை கெடையாது, சாவு விழுந்தா சுடுகாடு கூட குடுக்க மாட்டேன்னு நின்ன சம்பவமெல்லாம் உண்டு. உன்ன நீயே ஏத்துக்கன்னு சொல்றது வெள்ளக்காரனுக்கு விக்கிற பேக்கேஜ்ல இருக்கு. அங்க ஒருத்தன் தனியா "நான் இப்படித்தான்"னு நின்னுட முடியாது, கோயில் வேலைக்கு வரல, பங்கு கட்டலன்னா தெரியும் சேதி.

தங்கச்சிக்கு நேரா பதில்: விளம்பரத்த நம்பி காசக் கொட்டாதீங்க. டாலர்ல கேப்பான். நம்ம பர்மாப் பணம் சியாட் இப்ப போற நெலமையில யோசிச்சுப் பாருங்க.

பெகுக்காரன் எழுதியது:

கப்பல் அண்ணே சொன்னது உண்மை, நான் மறுக்கல. செஃப்போட பெரியப்பா ஒருத்தர் பேச்ச எடுத்தாலே அந்த வீட்ல எல்லாரும் எந்திரிச்சுப் போயிடுவாங்க, அப்ப எனக்குப் புரியல, பின்னாடிதான் யூகிச்சுக்கிட்டேன். ஆனா அதுக்கப்புறம் நடந்ததையும் சேத்துச் சொல்லுங்க. 2015ல ஜெம்பிரானா பக்கம் ஒரு கிராமத்துல அந்த காலத்துல பொதைச்ச குழிய ஊர்க்காரங்களே சேந்து தோண்டி, எலும்ப எடுத்து, முறைப்படி ஙாபென் பண்ணி எரிச்சு கரைச்சாங்க. ஐம்பது வருசம் ஆச்சு. எரிக்காம மண்ணுக்குள்ள கெடக்கிறவன் சாமியா ஆக முடியாது, அங்கயே சுத்திக்கிட்டு இருப்பான், ஊரும் நிம்மதியா இருக்காதுன்னு அவங்க நம்பிக்கை. நியாயம் கெடைச்சுதான்னா கெடைக்கல. ஆனா இல்லவே இல்லன்னு நடிச்சதுக்கு முற்றுப்புள்ளி வெச்சாங்க.

2002 அக்டோபர் 12 கூத்தா குண்டுவெடிப்பு, 202 பேரு போனாங்க. நான் அப்ப சின்னப்பையன், அங்க போனப்பறம் கேட்டதுதான். அடுத்த மாசமே அந்த எடத்துல பெரிய சுத்திகரிப்பு யாகம் நடத்தியிருக்காங்க. செத்தவங்க எந்த மதம், எந்த நாடுன்னு பாக்காம எல்லார் ஆத்மாவுக்கும் சேத்து. பழி வாங்கணும்னு கத்தினவங்களும் இருந்திருப்பாங்கதான், ஆனா ஊர்ப் பெரியவங்க நம்மகிட்ட எங்க சமநிலை கெட்டுச்சுன்னு கேட்டாங்கன்னு செஃப் சொன்னாரு. முலாத் சரீரான்னு ஒரு பேச்சு அங்க அடிக்கடி வரும், தன்னத் தானே திரும்பிப் பாக்கிறது. தப்பு யாருதுன்னு தேடறதுக்கு முன்னாடி அது.

தனியா "நான் இப்படித்தான்"னு நிக்க முடியாதுன்னு அண்ணன் சொன்னதுல நான் ஒத்துப்போறேன், அதுதான் விளம்பரத்துக்கும் அங்க நடக்கறதுக்கும் வித்தியாசம். விளம்பரத்துல கண்ணாடி முன்னாடி நின்னு நான் நல்லவ நான் நல்லவன்னு சொல்லச் சொல்றான். அங்க அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. கையால ஓலை முடையறாங்க, சோறு வைக்கிறாங்க, நாள் பாத்து வைக்கிறாங்க, மனசு வந்தாலும் வராட்டியும். செஃப்போட அம்மா மருமககிட்ட சண்ட போட்டுட்டு முணுமுணுத்துக்கிட்டே சைபான் வைக்கிறதப் பாத்திருக்கேன், ஊதுபத்திய அடுப்புமேல குத்துற வேகத்துலயே தெரியும் கோவம்.

ஐராவதிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, டீச்சரம்மா எழுதினத அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன், "பட்டப்பேரு வெச்சு விட்டுட்டாங்க"ங்கிற எடத்துல எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க, அப்புறம் ராத்திரி எனக்கு பிடிச்ச கருவாட்டுக் குழம்பு வெச்சாங்க, ஒண்ணும் பேசல.

ஒரு சந்தேகம். தத் த்வம் அஸின்னு என் ரூம்மேட் அடிக்கடி சொல்லுவா, ஸ்கூல்லயே சொல்லிக்குடுப்பாங்களாம். நீதான் நான், அதனால உன்ன அடிச்சா எனக்கு வலிக்கும், இதான் கருணைன்னு. அது அடுத்தவங்களுக்குத்தானே, எனக்கு அதுல என்ன இருக்கு?

தட்டோன்_டீச்சர் எழுதியது:

அப்படியே திருப்பிப் போடு மகளே. சாந்தோக்ய உபநிஷத்துல உத்தாலகர் தன் மகன் சுவேதகேதுவுக்குச் சொன்னது அது. பையன் படிச்சுட்டு வந்து எல்லாம் தெரியும்னு தலைக்கனத்தோட நின்னான், அந்தத் தலைக்கனத்தோடயே நிக்கிறவனப் பாத்துத்தான் "நீ அதுவாக இருக்கிறாய்"னாரு. திருந்திட்டு வா அப்புறம் சொல்றேன்னு சொல்லல. உன் தோழி சொன்ன மாதிரி பக்கத்துல இருக்கிறவளும் நானும் ஒண்ணுன்னா அவளத் திட்டக் கூடாதுன்னு வருதில்ல, அப்ப அவள மாதிரியே இருக்கிற ஒருத்திய நீ தெனம் ராத்திரி தலகாணில படுத்துக்கிட்டு திட்டிக்கிட்டு இருக்கியே, அவ மட்டும் கணக்குல வரமாட்டாளா? மெத்தாவுலயும் தன்னை முதல்ல வெச்சதுக்கு காரணம் புத்தகோசர்ங்கிற பிக்கு விசுத்திமக்கம்ங்கிற நூல்ல சொல்லியிருக்காரு, தன்னை சாட்சியா வெச்சுக்கிறதுக்குன்னு. எனக்கு சொகமா இருக்கப் பிடிக்குது, துன்பம் பிடிக்கல, அப்ப மத்தவங்களுக்கும் அப்படித்தானேன்னு. நீ நல்லவளா இல்லையாங்கிற பேச்சே அங்க இல்ல பாரு. சொல்ல வரலன்னா "எனக்கு வலிக்கப் பிடிக்கல"ன்னு மட்டும் சொல்லிப் பாரு, அது பொய்யில்லையே.

மொட்டைமாடி எழுதியது:

குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும், நம்ம வீட்ல நாமளும் அந்த செகெஹான் வைக்கலாமா? எங்க வீட்ல ரொம்ப நாளா சண்ட சச்சரவு.

பெகுக்காரன் எழுதியது:

தம்பி, அது அவங்க ஊரு முறை, அதுக்கு மந்திரம், நாள், திசை எல்லாம் இருக்கு, யூடியூப் பாத்து வைக்கிறதுல எனக்கு உடன்பாடில்ல. நம்மகிட்ட இல்லாததா, காக்காவுக்கு சோறு வைக்கிறோம், பீலிக்கான்ல முனீஸ்வரருக்குப் படைக்கிறோம், ஆடி மாசம் கூழ் ஊத்துறோம். நம்ம முனியும் சாந்தமான சாமியா என்ன, சுருட்டு சாராயம் வெச்சுத்தானே கும்புடுறோம். அதையே பயத்துல செய்யாம கவனிச்சுச் செய்ங்க, போதும். சண்டைக்கு முதல்ல வீட்ல உக்காந்து பேசுங்கப்பா.

கப்பல்காரன் எழுதியது:

தங்கச்சி, போகவே கூடாதுன்னு நான் சொல்லல. ரூம்மேட் வீடு இருக்கில்ல, அங்க போயி தங்குங்க, அந்த ரெண்டு வார கோர்ஸ்லாம் வேணாம். தம்பாக்சிரிங்ல தீர்த்த எம்பூல்னு ஊத்துக் கோயில் இருக்கு, 10ஆம் நூற்றாண்டுல கட்டினது, அங்க மெலுக்காத்னு சுத்திகரிப்புக் குளியல் பண்ணுவாங்க, வரிசையா குழாய் மாதிரி தண்ணி விழும், ஒவ்வொண்ணுலயா தலைய நீட்டிக்கிட்டே போகணும். நடுவுல ரெண்டு குழாய் சாவுச் சடங்குக்கு உள்ளது, அதத் தொடக்கூடாது, தோழிய கூடவே வெச்சுக்கோங்க, அவ காட்டுவா. காலைல வெள்ளென போயிடுங்க, அப்புறம் போட்டோ எடுக்கிற கூட்டம் தாங்காது. வீட்டுக்குத் தூரமா இருந்தா, சாவு தீட்டு இருந்தா உள்ள விட மாட்டாங்க, அதையும் பாத்துக்கோங்க.

ஐராவதிக்கரை எழுதியது:

அவளும் வா வான்னுதான் சொல்றா. மார்ச்ல வரச் சொல்றா, நியெபி பாக்கலாம்னு. அது என்ன, சும்மா பேசாம இருக்கிற நாளாமே?

பெகுக்காரன் எழுதியது:

அவங்க சக ஆண்டுக் கணக்குப்படி வருசப் பொறப்பு அது, நம்மூரு தின்ஜான் மாதிரி தண்ணி ஊத்தி ஆட்டம் போடறதுக்கு நேர் எதிர். முந்தின நாள் சாயந்திரம்தான் ரகள, ஓகோ ஓகோன்னு பேய் பொம்மை பெருசு பெருசா செஞ்சு தோள்ல தூக்கிட்டு நாற்சந்தியில சுத்து சுத்துன்னு சுத்துவாங்க, பசங்க மாசக்கணக்கா செஞ்ச பொம்மைய பெரும்பாலும் அன்னிக்கே கொளுத்திடுவாங்க. நாலு ரோடு கூடுற எடத்துல பூதங்களுக்குப் பெரிய படையலும் உண்டு, அதுவும் விருந்து வெச்சு அனுப்பறதுதான். விடிஞ்சா நெருப்பு கெடையாது, வேலை கெடையாது, வெளிய போகக் கூடாது, கேளிக்கை கெடையாது, இந்த நாலும் காலைல ஆறு மணிக்கு ஆரம்பிச்சு மறுநாள் ஆறு மணி வரைக்கும். லைட்டும் போடக்கூடாது, 2018ல இருந்து மொபைல் நெட்டையும் நிறுத்திடுறாங்க. ஆஸ்பத்திரி மட்டும் ஓடும். பெச்சாலாங்னு ஊர்க்காவல்காரங்க கட்டம் போட்ட துணி கட்டிக்கிட்டு ரோட்டுல நடப்பாங்க, ஜன்னல்ல வெளிச்சம் தெரிஞ்சா வந்து தட்டுவாங்க, டூரிஸ்டா இருந்தாலும் அதே கதிதான்.

மொத தடவ நான் பைத்தியம் பிடிச்ச மாதிரி இருந்தேன், மத்தியானத்துக்கு மேல என்னென்னமோ பழைய ஞாபகமெல்லாம் வந்துச்சு, ஓடிப்போக எடமில்ல, செல்லும் இல்ல. செஃப் வீட்ல பாட்டி ஒருத்தங்க திண்ணையில சும்மா உக்காந்து காலத் தடவிக்கிட்டே இருந்தாங்க, நானும் போயி பக்கத்துல உக்காந்தேன். மறுநாள் ஙெம்பாக் கெனி, வீடு வீடாப் போயி தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சத மன்னிச்சுக்கோன்னு கேக்கிற நாள், சண்ட போட்ட மருமகளும் மாமியாரும் அன்னிக்கு ஒரே தட்டுல பலகாரம் வெச்சு சாப்பிட்டாங்க, அடுத்த வாரம் திரும்ப ஆரம்பிச்சிட்டாங்க, அது வேற கதை.

டிக்கெட் போடும்போது ஒண்ணு பாத்துக்கோங்க, நியெபி அன்னிக்கு டென்பசார் ஏர்போர்ட்டையே 24 மணி நேரம் மூடிடுவாங்க, ஒரு ஃப்ளைட்டும் ஏறாது எறங்காது. யாங்கோன்ல இருந்து எப்படியும் பேங்காக் இல்லேன்னா கோலாலம்பூர் மாறித்தான் போகணும், அங்க மாட்டிக்காதீங்க. ஒவ்வொரு வருசமும் தேதி மாறும், அமாவாசைக்கு அடுத்த நாள் வரும், தோழிகிட்ட கேட்டு ரெண்டு நாள் முன்னாடியே எறங்குற மாதிரி போடுங்க, அப்பத்தான் ஓகோ ஓகோவும் பாக்கலாம்.